அண்ணாந்து நடப்பவர்கள்

அன்புள்ள சார்,

ஒருவரை வீடுவரை நடத்திக் கொண்டுபோய் விடும் பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் இரண்டு ஆண்டுகளாக ஜப்பானில் கவாசாகியில் வேலை பார்க்கிறேன். இங்கே கேய்க்யூ ரயில் நிலையத்தில் ரயில் வரும்போதெல்லாம் ஒரு மெட்டு ஒலிக்கும். ஏதோ குழந்தைப் பாட்டு என்று நினைத்திருந்தேன். போன மாதம் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர் தன் பிரிவு விருந்தில் அதைப் பாடினார். சுற்றி இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் 'சுகியாகி' என்று பெயர் பெற்ற பாட்டாம். இரவில் தனியாக நடப்பவன் பாடுவதாம். காதல் தோல்விதானே சார்? இதற்கா அறுபது வயதுக்காரர்கள் அழுகிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பாட்டில் காதல் என்ற பேச்சே இல்லை. அவன் ஏன் அழுகிறான் என்று கடைசிவரை சொல்வதில்லை. கண்ணீர் சிந்திவிடாமல் இருக்க அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறான், அவ்வளவுதான். ஜப்பானியத் தலைப்பும் அதுதான்: 'அண்ணாந்து நடப்போம்'.

எழுதியவர் ரொகுசுகே எய். 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து டோக்கியோ தெருக்களில் பெருங்கூட்டம் திரண்டது. ஜூன் 15 அன்று நாடாளுமன்றத்தில் நடந்த மோதலில் மிசிகோ கன்பா என்ற 22 வயது மாணவி இறந்தார். நான்கே நாளில் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. போராட்டத்துக்குப் போய்த் தோற்று வீட்டுக்கு நடந்த அந்த மனநிலையில்தான் எய் இதை எழுதினார். ஆனால் பாட்டில் ஒப்பந்தமும் இல்லை, போலீசும் இல்லை. அதையெல்லாம் அவர் உள்ளே வைத்திருந்தால் அது அந்த ஆண்டோடு போயிருக்கும். காரணத்தை எடுத்துவிட்டதால், யாருடைய துக்கமும் அதில் ஏறி நடக்க முடிகிறது. உங்கள் அலுவலகத்துப் பெரியவருடையதும்தான்.

என் அம்மாவை எரித்துவிட்டு வந்த அன்று இருட்டிவிட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். குனிந்தால் அழுகை வருமென்று மேலே பார்த்துக்கொண்டே வந்தேன். தெருவிளக்கு ஒவ்வொன்றும் நான்கைந்தாக உடைந்து தெரிந்தது. பல வருடம் கழித்து இந்தப் பாட்டின் பொருளைப் படித்தபோது, கண்ணீரில் கலங்கிய நட்சத்திரங்களை அவன் எண்ணிக்கொண்டே போகும் இடத்தில் நிறுத்திவிட்டேன். மேலே பார்த்தால் கண்ணீர் நிற்காது, கண்ணிலேயே தேங்கும். அனுபவிக்காமல் எழுத முடியாத வரி அது.

இன்னொன்றைக் கவனியுங்கள். அவன் வசந்தத்தை நினைக்கிறான், கோடையை நினைக்கிறான், இலையுதிர் காலத்தை நினைக்கிறான். குளிர்காலத்தை மட்டும் சொல்வதில்லை. அவன் இப்போது நடந்துகொண்டிருப்பதே அந்தக் குளிரில்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மெட்டு ஹாச்சிதாய் நகமுராவுடையது. உங்களுக்குக் குழந்தைப் பாட்டாகக் கேட்டதில் வியப்பில்லை. முதல் அடியைப் பாடிப் பாருங்கள், நம் மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். பாடிய க்யூ சகமோட்டோ நீங்கள் இருக்கும் கவாசாகியில் பிறந்தவர். அதனால்தான் அந்த நிலையத்தில் அந்த மெட்டு. 1961இல் இசைத்தட்டு வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவர் அதைச் சிரித்த முகத்தோடு பாடுவார். அந்தச் சிரிப்பை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடிந்ததே இல்லை.

'சுகியாகி' என்ற பெயரை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. அது மாட்டிறைச்சியைப் போட்டுச் சமைக்கும் ஒரு பண்டம். பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரிட்டனில் கென்னி பாலின் ஜாஸ் குழு இதை வாசித்து வெளியிட்டபோது, ஜப்பானியத் தலைப்பு யார் வாயிலும் நுழையாது என்று அப்படி வைத்தார்கள். அந்தப் பெயரோடுதான் சகமோட்டோவின் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அந்த முதலிடப் பட்டியலின் தேதி 1963 ஜூன் 15. கன்பா இறந்து சரியாக மூன்று ஆண்டு.

'வாக்கிங் மை பேபி பேக் ஹோம்' பற்றி நான் முன்பு எழுதியது நினைவிருக்கும். 1930இல் வந்த அந்த அமெரிக்கப் பாட்டில் இருவரும் கைகோத்து வருகிறார்கள், நடுவில் நின்று சாப்பிடுகிறார்கள், வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று கேட்பவருக்கும் தோன்றுகிறது. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் கொண்டுபோய் விட்டவன் தன் வீட்டுக்குத் தனியாகத்தானே திரும்ப வேண்டும்? அந்தத் திரும்பும் வழி எய்யின் பாட்டில் இருக்கிறது.

சகமோட்டோ 1985 ஆகஸ்ட் 12 அன்று டோக்கியோவிலிருந்து ஒசாகா சென்ற விமானம் மலையில் விழுந்தபோது இறந்தார். 520 பேர் போனார்கள். அவருக்கு 43 வயது. அங்கே வயதானவர்கள் இதைப் பாடும்போது அவரையும் சேர்த்துத்தான் நினைப்பார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அழுதுகொண்டே நடக்கிறேன் என்று சொன்னபிறகு பாட்டில் வார்த்தை நின்றுவிடும். அந்த இடத்தில் சகமோட்டோ சீட்டியடிப்பார். உங்கள் பெரியவர் அங்கே சீட்டியடித்தாரா, சும்மா நின்றாரா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்