ஓமா, ஆமாவா?

பேசும் தமிழை வைத்தே ஒருவர் எந்த ஊர், எந்தச் சமூகம் என்று கண்டுபிடித்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் அதற்கு ஒரு சொல் போதும்.

அம்மா யாழ்ப்பாணத்துக் காரைநகர். அப்பா மலையகத்தில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நான் வளர்ந்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில். வீட்டில் அம்மா கதைப்பார், அப்பா பேசுவார். அம்மாவுக்கு 'ஓம்', அப்பாவுக்கு 'ஆமா'. எனக்கு இரண்டும் வரும். எதை எங்கே எடுப்பது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

நான் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும்போது, யாழ்ப்பாணத்தார் நிறைய இருக்கும் வெள்ளவத்தையில் வாடகை வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா "வாங்கோ, இருங்கோ" என்று அன்பாகத்தான் வரவேற்றார். தேத்தண்ணீரும் வந்தது. "ஆமாங்க, ரெண்டு மாசத்துல வந்துடுவோம்" என்று அப்பா சொன்னதும், "நீங்கள் எவ்விடம்?" என்றார். மறுநாள் கேட்டால், வீட்டை வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டதாம். 'தோட்டக்காட்டான்' என்று, தோட்டத் தமிழரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த வீட்டைப் பார்க்க அம்மாவும் நானும் மட்டும் போனோம். அன்றைக்கு நான் கவனமாகச் சொன்ன ஒவ்வொரு 'ஓம்'மும் இப்போதும் உறுத்துகிறது.

யாழ்ப்பாணத் தமிழுக்குப் பெருமைப்படக் காரணம் உண்டு, மறுக்கவில்லை. தொல்காப்பியம் சொல்லும் அ, இ, உ என்ற மூன்று சுட்டெழுத்துகளில் ('அவன்', 'இவன்', 'உவன்') உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. அம்மா இன்றும் 'உதை எடு' (உன் பக்கம் இருப்பதை எடு), 'உவன் ஆர்?' என்பார். அதற்காக அப்பாவின் தமிழ் மட்டமாகிவிடுமா?

யுத்த காலத்தில் எல்லாம் தலைகீழ். சோதனைச்சாவடியில் சந்தேகம் விழுந்தது யாழ்ப்பாணப் பேச்சின் மேல்தான். பஸ்ஸில் அம்மா வாயே திறக்க மாட்டார், அப்பாதான் பேசுவார். அதற்கும் முன்னால், 1983 ஜூலைக் கலவரத்தில், தமிழரா என்று பார்க்க வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள் என்பார்கள் பெரியவர்கள்: 'பால்திய'. முதலெழுத்து ஆங்கில B போல ஒலிக்க வேண்டும்; அதில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். (நான் 'பால்திய' என்று எழுதியதைப் பார்த்து மட்டும் அந்த ஒலி உங்களுக்குத் தெரியாது. நம் எழுத்தில் இருப்பது ஒரே 'ப'.)

என் மகளின் தோழிகளில் பாதிப் பேர் மருதானை முஸ்லிம் பிள்ளைகள். ஃபோனில் அவர்களைப் போலவே 'எங்க ஈக்கி?' (எங்கே இருக்கு?) என்கிறாள். அம்மம்மா ஏதாவது கேட்டால் 'ஓம்', தாத்தா கேட்டால் 'ஆமா தாத்தா'. இருவரும் ஒன்றாக இருக்கும்போது கேட்டால், வெறும் 'ம்'.