முதலாளி அப்பீல் போட்டுட்டா லேபர் கோர்ட்டு காசு நின்னுடுமா?

கேள்வி: மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டத்துல, கொன்ட்ராக்டர் கம்பெனிக்கு 11 வருஷம் வேலை செஞ்சேன். திடீர்னு நிறுத்திட்டாங்க. லேபர் ஆபிஸ்ல கேஸ் போட்டு, பாக்கி சம்பளம், நோட்டிஸ் காசு, வேலை நிறுத்தினதுக்கு உள்ள காசு எல்லாம் சேர்த்து 18,600 வெள்ளி கட்டணும்னு லேபர் கோர்ட்டு ஆர்டர் குடுத்துச்சு. இப்ப முதலாளி, "ஈப்போ ஹைகோர்ட்ல அப்பீல் போட்டாச்சு, அது முடியுற வரைக்கும் ஒரு காசும் கிடையாது"ன்னு சொல்லி அனுப்புறாரு. லோரிய விக்கப் போறாருன்னு வேற பேச்சு அடிபடுது. நான் காத்திருக்கத்தான் வேணுமா?

பதில்: காத்திருக்க வேணாம் அக்கா. முதலாளி சொல்றதுல பாதிதான் உண்மை. அப்பீல் போட அவருக்கு உரிமை இருக்கு, 1955ஆம் வருஷத்து எம்ப்ளாய்மெண்ட் ஆக்ட், 77வது செக்‌ஷன்லயே அது இருக்கு. ஆனா அப்பீல் போட்டுட்டா மட்டும் ஆர்டர் நின்னுடாது. அத நிறுத்தணும்னா ஸ்டே, அதாவது தற்காலிகமா நிறுத்தி வைக்கிற உத்தரவு வேணும்னு தனியா மனு போடணும், ஜட்ஜ் சரின்னு உத்தரவு போடணும். அந்த உத்தரவு வராத வரைக்கும் அந்த 18,600 வெள்ளி இன்னைக்கே அவர் கட்ட வேண்டிய காசு. இது தெரியாமலே எத்தனையோ தோட்டத்து ஜனங்க "கேஸ் மேல போயிருச்சாம்"னு வீட்டோட இருந்துடுறாங்க, அதுக்குள்ள அங்க கம்பெனிய மூடிட்டு வேற பேர்ல போர்டு மாட்டிடுறாங்க, அத பாக்கும்போதுதான் எனக்கு வயிறு எரியுது.

முதல்ல உங்க கையில இருக்கிற பேப்பர எடுத்து பாருங்க. மேல மஹ்கமா புரூஹ், அதாவது லேபர் கோர்ட்டுன்னு இருந்தா நான் இங்க சொல்றது எல்லாம் உங்களுக்குத்தான். மஹ்கமா பெருசஹாஆன், அதாவது இண்டஸ்ட்ரியல் கோர்ட்டுன்னு இருந்தா அது வேற சட்டம், 1967ஆம் வருஷத்து இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் ஆக்ட், அங்க 2021லேர்ந்து ஹைகோர்ட்டுக்கு நேரா அப்பீல் போகலாம், காசு கட்டலன்னா 56வது செக்‌ஷன்ல அதே கோர்ட்டுலதான் புகார் பண்ணணும். நீங்க லேபர் ஆபிஸ்ல ஆரம்பிச்சதா சொல்றதால உங்களது முதல் வகைதான்.

அடுத்து, அப்பீல் நெசமாவே போட்டிருக்காரான்னு தெரிஞ்சுக்கணும். ஆர்டர் வந்த நாள்லேர்ந்து 14 நாளுக்குள்ள போட்டிருக்கணும். வாய் வார்த்தைய நம்பாதீங்க, கோர்ட்டு சீல் வெச்ச அப்பீல் நோட்டிஸ் உங்களுக்கு வந்திருக்கணும், வரலன்னா ஆர்டர் காப்பியோட லேபர் ஆபிஸுக்கு போய் ஃபைல்ல இருக்கான்னு பாக்க சொல்லுங்க, அப்படியே ஸ்டே மனு ஏதாவது வந்திருக்கான்னும் கேளுங்க. இது ரெண்டும் ரெண்டு வேற பேப்பர். அப்பீல் நோட்டிஸ காட்டி "ஸ்டே வாங்கிட்டோம்"னு ஏமாத்துற ஆளுங்க இருக்காங்க.

ஸ்டே இல்லன்னா அன்னைக்கே லேபர் ஆபிஸ்ல ஒரு லெட்டர் குடுத்துடுங்க. இன்ன தேதி ஆர்டர், இவ்வளவு காசு, இதுவரைக்கும் கட்டல, 75வது செக்‌ஷன் படி ஆர்டரோட சான்றளிச்ச காப்பிய செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புங்கன்னு எழுதுங்க, மலாய்ல எழுத வராட்டி கவுண்டர்ல சொல்லுங்க, எழுதி தருவாங்க. உங்க காப்பியில சாப் (முத்திரை) வாங்கிக்க மறக்காதீங்க. அந்த காப்பி கோர்ட்டுல பதிவாயிட்டா உங்க ஆர்டர் செஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்பு மாதிரியே ஆயிடும், அதுக்கப்புறம் பெய்லிஃப, அதாவது கோர்ட்டு ஆள விட்டு சாமான ஜப்தி பண்ணலாம், லோரியும் அதுல அடங்கும். நிலத்த விக்கணும்னா மட்டும் ஹைகோர்ட்டு உத்தரவு வேணும். ஆர்டருக்கு கட்டுப்படாம இருக்கிறதே தனி குற்றம், அதுக்கு லேபர் டிபார்ட்மெண்ட் அவர் மேல கேஸ் போட்டு அபராதம் வாங்கலாம், லெட்டர்ல அதையும் ஒரு வரி சேர்த்துக்கங்க.

லோரிய விட எனக்கு நம்பிக்கை கார்னிஷீ உத்தரவுலதான். உங்க முதலாளி செம்பனைக் குலை வெட்டி ஏத்துற கொன்ட்ராக்டர், அப்படின்னா மாசா மாசம் தோட்டத்துக்காரங்களோ மில்லோ அவருக்கு காசு குடுக்கணும், கார்னிஷீ வாங்கிட்டா அந்த காசு அவர் கைக்கு போறதுக்கு முன்னாடி உங்களுக்கு திருப்பி விடலாம், பேங்க் அக்கவுண்ட்டையும் அப்படி புடிக்கலாம். லோரி ஒரே ராத்திரியில கை மாறிடும், மில்லு குடுக்க வேண்டிய காசு அப்படி ஓடிடாது. அதனால எந்த மில்லுக்கு குலை போச்சு, எந்த பேங்க்லேர்ந்து உங்களுக்கு சம்பளம் ஏறுச்சுன்னு கூட வேலை செஞ்சவங்கள விசாரிச்சு ஒரு தாள்ல எழுதி வைங்க. பழைய சம்பள ஸ்லிப், பேங்க் புக்கு எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க.

வட்டியும் இருக்கு. லேபர் கோர்ட்டு ஆர்டர் போட்ட தேதிக்கு அப்புறம் 31வது நாள்லேர்ந்து காசு கட்டி முடிக்கிற வரைக்கும் வருஷத்துக்கு 8 விழுக்காடு வட்டி ஓடும், ஆர்டர்லயே குறைச்சு போட்டிருந்தா ஒழிய. உங்க தொகைக்கு அது வருஷத்துக்கு 1,488 வெள்ளி, மாசத்துக்கு 124 வெள்ளி. இழுத்தடிச்சா அவருக்குத்தான் நஷ்டம்னு அவர் லோயருக்கு தெரியும், அவர் காதுக்கும் போகட்டும்.

சரி, அவர் முழிச்சிக்கிட்டு ஸ்டே மனு போட்டுட்டா? பயப்பட வேணாம், மனு போட்டா உடனே கிடைச்சிடாது. விசேஷ சூழ்நிலை ஏதாவது இருக்குன்னு அவர்தான் காட்டணும். "எங்க அப்பீல் ஸ்ட்ராங்கானது, லேபர் கோர்ட்டு தப்பா முடிவு பண்ணிருச்சு"ங்கிறது அந்த கணக்குல வராது, 1966லயே ராஜா அஸ்லான் ஷா, அதான் பிற்பாடு நம்ம பேராக் சுல்தானா இருந்தவரு, ஜட்ஜா இருந்தப்ப இத தெளிவா சொல்லிட்டாரு: தீர்ப்ப நிறைவேத்துறதுல உள்ள சிக்கலத்தான் பாக்கணும், தீர்ப்பு சரியா தப்பாங்கிறது அப்பீல்ல பாத்துக்கற விஷயம். 2003ல ஃபெடரல் கோர்ட்டு கொஸ்மா பாம் ஆயில் மில் கேஸ்ல, இப்ப காசு குடுத்துட்டா நாளைக்கு அப்பீல்ல ஜெயிச்சும் புண்ணியமில்லாம போயிடும்ங்கிற நிலைமையும் ஒரு விசேஷ சூழ்நிலையா இருக்கலாம்னு சொல்லுச்சு. உங்க முதலாளியோட லோயர் இதத்தான் புடிப்பாரு. "இந்தம்மா கூலி வேலை செஞ்சவங்க, காசு குடுத்தா செலவு பண்ணிடுவாங்க, திரும்ப வராது"ன்னு எழுதுவாரு. படிக்கிறப்ப கோவம் வரும்தான், ஆனா கோவத்த கோர்ட்டுல காட்டி பிரயோஜனம் இல்ல, அஃபிடவிட்ல, அதாவது சத்தியம் பண்ணி குடுக்கிற வாக்குமூலத்துல பதில் எழுதணும்.

அதுல எழுத வேண்டியது: உங்களுக்கு வீடு இருக்கா, பிள்ளைங்க வேலை செய்யறாங்களா, சேமிப்பு என்ன இருக்கு, எல்லாம் பேப்பரோட. முதலாளி லோரி விக்கிறத பத்தி விளம்பரமோ வாட்ஸ்அப் மெசேஜோ இருந்தா அதையும் சேருங்க, ஏன்னா அப்பீல் முடியறப்ப அவர்கிட்ட ஒண்ணும் இருக்காதுங்கிறதுதான் உங்க பக்கத்து பலமான வாதம். கடைசியா ஜட்ஜ்கிட்ட, ஸ்டே குடுக்கத்தான் போறீங்கன்னா முழு தொகையையும் கோர்ட்டுல கட்ட சொல்லுங்க, இல்லாட்டி ரெண்டு பக்கத்து லோயரும் சேர்ந்து வெச்சிருக்கிற அக்கவுண்ட்ல போட சொல்லுங்கன்னு கேளுங்க. என்னை கேட்டா உங்க மாதிரி கேஸுக்கு இதுதான் முக்கியமான வரி. காசு அங்க போய் உக்காந்துட்டா, அவர் கம்பெனிய மூடினாலும் லோரிய வித்தாலும் உங்க பங்கு பத்திரமா இருக்கும். கட்ட சொன்ன தேதிக்குள்ள கட்டலன்னா ஸ்டே தானா விழுந்துடணும்னும் சேர்த்து கேட்டுடுங்க.

கோர்ட்டு குடுக்கிற தேதிக்குள்ள அந்த அஃபிடவிட் போயாகணும், தவற விட்டா அவர் சொன்னதுக்கு எதிர்ப்பே இல்லாத மாதிரி ஆயிடும். லோயர் வைக்க வசதி இல்லன்னா யூனியன்ல கேளுங்க, ஈப்போவுல பார் கவுன்சிலோட சட்ட உதவி மையத்துலயும் கேட்டு பாருங்க. தனியா போய் நிக்கிறதுக்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

நடுவுல காசு கைக்கு வந்துட்டா ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க. அப்பீல்ல அவர் ஜெயிச்சா திருப்பி கேக்கலாம். அதனால வந்த உடனே கல்யாணம், கார்னு எடுத்துடாம அப்பீல் முடிவு வர்ற வரைக்கும் முடிஞ்ச வரைக்கும் பேங்க்லயே போட்டு வைங்க. நடுவுல முதலாளி ஆள் அனுப்பி "பத்தாயிரம் வாங்கிட்டு கேஸ முடிச்சிக்கலாம்"னு சொன்னா, எதுலயும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த பேப்பர லேபர் ஆபிஸ்ல காட்டிடுங்க.