டோப்ருக்க 1941ல ரோமலால ஏன் புடிக்க முடியல?

ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் தளபதி ரோமல்கிட்ட அவ்ளோ டாங்க் இருந்தும் லிபியா பாலைவனத்துல டோப்ருக்ங்கற ஒரு சின்ன துறைமுகம் எட்டு மாசம் எப்படி தாக்குப் புடிச்சுதுன்னு கேட்டிருக்கீங்க. அரண் பலமா இருந்துச்சுன்னு பல பேர் சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அதே அரணை கட்டுன இத்தாலிக்காரங்க 1941 ஜனவரில ரெண்டே நாள்ல பிரிட்டிஷ் தரப்புகிட்ட ஊரை விட்டாங்க, 1942 ஜூன்லயும் தாக்குதல் ஆரம்பிச்ச மறுநாளே ரோமல்கிட்ட விழுந்துருச்சு, சுமார் 33,000 பேர் கைதானாங்க. அதனால உள்ள இருந்த ஆளுங்க எப்படி சண்டை போட்டாங்கங்கறதுதான் விஷயம்.

உள்ள இருந்த முக்கியமான படை ஆஸ்திரேலியாவோட 9வது டிவிஷன், தளபதி மோர்ஸ்ஹெட். ஏப்ரல் 13 ராத்திரி ஜெர்மன்காரங்க ஊரைச் சுத்தியிருந்த அரணோட எல்லைக்கோட்டை உடைச்சு உள்ள வந்தாங்க. வழக்கமா டாங்க் உள்ள பூந்துட்டா காலாட்படை கலைஞ்சு ஓடும், ஆனா இவங்க குழிக்குள்ளயே பதுங்கி டாங்க போகவிட்டு, பின்னால நடந்து வந்த ஜெர்மன் சிப்பாய்ங்கள மட்டும் மடக்கிட்டாங்க, துணையில்லாம முன்னாடி போன டாங்குங்க விடியக்காலைல பிரிட்டிஷ் பீரங்கிங்க முன்னாடி போய் மாட்டுச்சு, 38ல 17 அங்கயே காலி. அந்த ராத்திரிதான் ஜாக் எட்மண்ட்சன்ங்கற கார்ப்பரல், கழுத்துலயும் வயித்துலயும் குண்டு பட்ட பிறகும், துப்பாக்கி முனைல கத்திய மாட்டிக்கிட்டு ஓடிப்போய் ரெண்டு எதிரிங்ககிட்ட சிக்கின தன்னோட ஆபீசர காப்பாத்திட்டு கொஞ்ச நேரத்துல செத்துப்போனாரு. வீரத்துக்கான பெரிய விருதான விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க. எப்ப படிச்சாலும் மனசு கனத்துப்போகும்.

அப்புறம் மோர்ஸ்ஹெட் ஆளுங்கள சும்மா உக்கார விடல, ராத்திரி ஆனா சின்னச் சின்ன குழுவா வெளிய அனுப்பி ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருந்த நிலத்தையே தன் கைல வச்சிருந்தாரு. இத்தாலிக்காரங்க போட்டுட்டுப் போன பீரங்கிங்கள சமையக்காரங்க, டிரைவருங்க, கிளார்க்குங்க எல்லாம் சேர்ந்து சுட்டாங்க, பல பீரங்கில குறிபாக்கற கருவியே கிடையாது, குழாய் வழியா கண்ணால பாத்துதான் குறிவச்சாங்க! பகல்ல வெயிலும் ஈயும் தெள்ளுப்பூச்சியும், குடிக்க உப்புக் கரிக்கற தண்ணி, அதுவும் அளந்துதான்.

இதெல்லாம் நடந்தது கடல் வழி திறந்திருந்ததாலதான். நிலா இல்லாத ராத்திரியா பாத்து பழைய போர்க்கப்பலுங்க குண்டும் சாப்பாடும் இறக்கிட்டு காயம்பட்டவங்கள ஏத்திக்கிட்டு விடியறதுக்குள்ள கிளம்பணும், வாட்டர்ஹென்ங்கற கப்பல் ஜூன்ல விமானம் போட்ட குண்டுல மூழ்கியே போச்சு.

ஆஸ்திரேலியர் பேரோட நிறுத்திடறது சரியில்ல. இந்தியாவோட 18வது குதிரைப்படையும் எல்லைக்கோட்டுல நின்னுச்சு, குதிரையும் இல்ல டாங்கும் இல்ல, காலாட்படையாவே. ஆகஸ்ட்ல இருந்து போலந்துக்காரங்க வந்தாங்க, அப்புறம் செக் நாட்டுக்காரங்க, ரெண்டு பேரோட ஊருமே அப்ப ஹிட்லர் கைல.