சம்மட்டியும் சத்தமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் பாரதக் கூத்துக்குப் பந்தல் போட்டார்கள். எண்பது அடி தள்ளி நின்றபோது சம்மட்டி விழுவதும் சத்தமும் ஒன்றாகவே இருந்தன. ஏரிக்கரைமேல் ஏறிப் பார்த்தால், சம்மட்டி மறுபடி மேலே போன பிறகுதான் ‘ணங்’ என்று வருகிறது. ஒலி மெதுவாக வரும் என்பது தெரியும். அப்படியானால் பக்கத்தில் நின்றபோதும் கொஞ்சம் பிந்தியிருக்க வேண்டுமே? மூளை நம்மை ஏமாற்றுகிறதா?

எஸ்.,
குடியாத்தம்

அன்புள்ள எஸ்,

பிந்தத்தான் செய்தது. நம் சித்திரை வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். எண்பது அடிக்கு 70 மில்லிசெகண்ட் ஆகும். ஏரிக்கரை 250 மீட்டர் தள்ளி என்று வைத்தால் 0.7 நொடி. முதல் தாமதத்தை மூளை பொறுத்துக்கொள்கிறது, இரண்டாவதைப் பொறுப்பதில்லை. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விர்ஜினி வான் வாசன்ஹோவ் என்ற பிரெஞ்சு அறிதல் நரம்பியலாளர், நாம் காலத்தை உணர்வது எப்படி என்று ஆராய்பவர். அவரும் இன்னும் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் உதட்டசைவையும் பேச்சொலியையும் வேண்டுமென்றே தள்ளித் தள்ளிக் காட்டினார்கள். ஒலி 170 மில்லிசெகண்ட் அளவுக்குப் பிந்தினாலும் இரண்டும் ஒன்றாகவே பட்டன. ஒலி முந்தினாலோ 30 மில்லிசெகண்டோடு சரி. இந்த ஓரவஞ்சனைதான் எனக்குப் பிடித்தது. ஒலி ஒளியை முந்தி வந்ததை எந்த உயிர் பார்த்திருக்கிறது? கைபேசிப் படத்தில் வசனம் உதட்டுக்கு முன்னால் ஓடினால் எரிச்சல் வருகிறதல்லவா, அதுவும் இதனால்தான். சம்மட்டி மாதிரி வெட்டென்று விழும் அடிக்குப் பொறுமை இன்னும் குறைவு. ஆனாலும் உங்கள் 70 அதற்குள் அடங்கிவிடுகிறது.

தலைக்குள்ளே கதை தலைகீழ். விழித்திரையில் ஒளி ரசாயன மாற்றமாகி நரம்பில் ஏற நேரம் பிடிக்கும். காதுக்குள் அதிர்வை உணரும் மயிர்ச்செல்லோ அசைந்த கணமே நரம்புச் சைகைக்குக் கதவைத் திறந்துவிடும். பத்து மீட்டருக்குள் உட்கார்ந்தால், காதுக்குப் பிந்தி வந்த ஒலிதான் மூளைக்கு முதலில் போய்ச் சேர்கிறது.

காலத்தில் காது சொல்வதைக் கண் கேட்கும். இடத்தில் கண் சொல்வதைக் காது கேட்கும். ராத்திரி கூத்தில் குழாய் ஸ்பீக்கர் வேப்பமரத்தில் தொங்குகிறது. குரல் மட்டும் துரியோதனன் வாயிலிருந்தே வருகிறது! இதற்கு மறுபக்கத்தை லதன் ஷாம்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2000இல் காட்டினார்கள். ஒரே ஒரு முறை மின்னிய ஒளியோடு இரண்டு ‘பீப்’ ஒலித்தால், பார்த்தவர்களுக்கு ஒளியும் இரண்டு முறை மின்னியதாகத் தெரிந்தது.

தமிழ்க் காதுக்கு இந்தக் காலக் கணக்கு பழகியதுதான். ‘கல்’லையும் ‘கால்’ஐயும் பிரிப்பது முக்கியமாக உயிரின் நீளம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் அதை அளந்துவிடுகிறது. தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமை, நொடி என்று இரண்டு அளவு சொன்னார். ஒன்று கண் கொட்டுவது, மற்றது விரல் சொடுக்குவது. செகண்டுக்குப் பெயர் தேடியபோது நாம் எடுத்துக்கொண்டது சொடுக்கை.

அடுத்த வருடம் பந்தல் போடும்போது கொட்டகையிலிருந்து ஏரிக்கரைக்குப் பின்பக்கமாகவே நடந்து பாருங்கள். சம்மட்டியும் சத்தமும் எத்தனையாவது அடியில் பிரிகின்றன என்று எண்ணி எழுதுங்கள். வரப்பில் விழாமல்.