மாரத்தானுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, ஷூ தேய்ந்துவிட்டது. இப்போது மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். ஆனால் இந்த வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள், இப்போது போடுகிற அதே மாடலையே வாங்குங்கள்.

ஜனவரி முதல் வாரம் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் போகிறீர்கள், ஷூ 700 கிலோமீட்டர் தாண்டிவிட்டது, லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) முடிந்த மறுநாள் முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட ஓடுகிறவர்கள் "ரேஸுக்கு முன்னால் புதுசா எதுவும் வேண்டாம்" என்று பயமுறுத்துகிறார்களாம். நல்ல அறிவுரைதான். ஆனால் அது ரேஸ் நாளுக்கான அறிவுரை. மூன்று வாரம் என்பது புது ஷூவோடு பழகத் தேவையானதைவிட அதிகம்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவுக்கு அங்கே கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை. கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் 42 கிலோமீட்டர் ஓடினார், 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் தங்கம் வாங்கினார். வெறுங்கால் ஓட்டம் அவருக்கு ஏற்கெனவே பழக்கம். ஒத்துவராத ஷூவைவிடப் பழகிய வெறுங்காலே மேல் என்று முடிவெடுத்தார். நமக்கு அந்த வசதி கிடையாது, அதனால் ஷூவைப் பழக்கித்தான் ஆகவேண்டும்.

முதலில் பழைய ஷூ நிஜமாகவே தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். 500 முதல் 800 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். உடல் எடை, கால் வைக்கும் விதம், ஓடுகிற சாலை எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும். இரண்டு ஷூவையும் மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பின்பக்கத்திலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா? ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கிற ஃபோம் எட்டிப் பார்க்கிறதா? பக்கவாட்டு ஃபோமில் மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி நிற்கிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே நான் மாற்றிவிடுவேன். மார்கழிக் காலையில் வாசல் தெளித்த தெருவில் திரும்பும்போது கால் வழுக்குகிறது என்றால் மேசைச் சோதனையே வேண்டாம். முழங்கால் வலிக்கு மட்டும் ஷூவையே முழுக் காரணமாக நினைக்காதீர்கள். புது ஷூவிலும் ஒரு வாரத்துக்கு மேல் வலி தொடர்ந்தால் பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிடுங்கள்.

அதே மாடல் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு சிக்கல் உண்டு. பெயர் அதேதான் இருக்கும், பின்னால் வரும் எண் மாறியிருக்கும். புதிய பதிப்பில் விரல் பக்கம் குறுகியிருக்கலாம், குதிகால் உயரம் கூடக் குறைய இருக்கலாம். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் கட்டாயம் பாருங்கள். 10 மில்லிமீட்டரில் பழகிய கால் திடீரென்று 4-க்கு இறங்கினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அந்தச் சுமையை வாங்கும், மூன்று வாரத்தில் அது பழகாது. பழைய பதிப்பு தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். சோலுக்குள் கார்பன் தகடு வைத்த கார்பன் பிளேட் ஷூமேல் ஆசை இருந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்கு மாலையில் போங்கள், அந்த நேரத்தில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ரேஸில் போடப் போகிற சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். ஆன்லைனில் வாங்கினால் யூகே அளவா யூஎஸ் அளவா என்று பாருங்கள். வந்ததும் வீட்டுக் கூடத்திலேயே அரை மணி நேரம் நடந்து பாருங்கள். வீட்டுக்குள் ஷூவா என்று அம்மா திட்டுவார், பரவாயில்லை. சோலில் தெருமண் ஒட்டிவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் ஒரு 5 கிலோமீட்டர் மெதுவாக, இன்னொரு நாள் 10. இது இரண்டும் வெறும் அறிமுகம்தான். நிஜமான சோதனை ரேஸுக்கு இரண்டு வாரம் முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். டேப்பரில், அதாவது ரேஸுக்கு முன்னால் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிற காலத்தில் இருப்பீர்கள், எப்படியும் 20 கிலோமீட்டர் அளவில் ஒன்று அட்டவணையில் இருக்கும். ரேஸ் அன்று போடுகிற அதே சாக்ஸ், அதே டிரவுசர், அதே வேகம், அதே விடிகாலை. சென்னையில் ஷூ கடிப்பது பெரும்பாலும் ஈரத்தால்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை முழங்காலிலிருந்து வழிந்து சாக்ஸுக்குள் இறங்கும், 15 கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். அந்த ஈரச் சாக்ஸ்தான் தோலை உரிக்கும். காய்ந்த காலோடு ஓடிய 5 கிலோமீட்டரில் இது எதுவும் தெரியாது. டிசம்பர் மழை வந்தால் ஓட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள், இலவசமாகக் கிடைத்த சோதனை அது.

ஓடி முடித்ததும் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். குதிகாலுக்குப் பின்னால் சிவந்திருந்தால் கடைசி ஓட்டையிலும் லேஸைக் கோத்து இறுக்கிக் கட்டுங்கள். விரல் நுனி வலித்தாலோ நகம் கறுத்தாலோ ஷூ சின்னது, லேஸ் காப்பாற்றாது. விரலிடுக்கில் கொப்புளம் என்றால் வாசலின் தடவி, சாக்ஸை மாற்றிப் பாருங்கள். தனியாக இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் அட்டை) வாங்கிப் போடுகிறவர் என்றால் ஈரத்தில் அது நகர்கிறதா என்றும் பாருங்கள். 2015 பெர்லின் மாரத்தானில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகேவின் இரண்டு இன்சோலும் ஷூவை விட்டு வெளியே வந்து படபடத்துக்கொண்டிருந்தன. அப்படியே ஓடி 2 மணி 4 நிமிடத்தில் ஜெயித்தார், காலில் கொப்புளமும் ரத்தமும். அவர் கிப்சோகே, சரி; நம்மால் அது முடியாது.

ஒருவேளை ரேஸுக்குப் பத்து நாளுக்கும் குறைவாக இருந்திருந்தால் பழையதிலேயே ஓடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், சோல் பிய்ந்து தொங்கினால் தவிர. ரேஸுக்கு முந்தைய நாள் பிப் (மார்பில் குத்தும் ரேஸ் எண்) வாங்கப் போகிற இடத்தில் ஷூ ஸ்டால் போட்டிருப்பார்கள், தள்ளுபடியும் கண்ணைப் பறிக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மறுநாள் காலை ரேஸில் போடாதீர்கள். என் நண்பர் ஒருவர் போட்டார், 28-ஆவது கிலோமீட்டரிலிருந்து ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

புதுசு வந்ததும் பழைய ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த 20 கிலோமீட்டரில் புதுசு கடித்தால், அதே அளவில் வேறு ஷூ தேடி அலையாமல், ரேஸை பழையதிலேயே முடியுங்கள். அதுவரை அதில் ஓடாமல் வைத்திருங்கள், மிச்சமிருக்கிற ஃபோமாவது ரேஸுக்கு உதவும்.