அம்மாவுக்கு இன்னும் தெரியாது

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. என்னோடுதான் இருக்கிறார். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாக வரவில்லை. ஏடிஎம் கார்டு என்னிடம் இருப்பதால் நான்தான் கவனித்தேன், அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தாலுகா ஆபீசில் கேட்டால் "மேலே போயிருக்கு" என்கிறார்கள். எனக்குத் தனியார் கம்பெனியில் சுமாரான சம்பளம், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். தம்பி திருப்பூரில் இருக்கிறான், ஒரு பைசா தருவதில்லை. மறுபடி விசாரணைக்கு வந்தால், அம்மா தனியாக இருப்பதாகச் சொல்லிவிடலாமா? பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது?
– பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

பதில்: தாலுகா ஆபீஸைப் பற்றிப் பிறகு பேசலாம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "அம்மாவுக்கு இன்னும் தெரியாது" என்று, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் 3,600 ரூபாய் வரவில்லை. யாருடைய பணமோ அவருக்கே அது தெரியவில்லை. உதவித்தொகை வாங்குகிற பாட்டிமார்கள் எதை மறந்தாலும் பணம் வரும் தேதியை மறக்க மாட்டார்கள். இரண்டு நாள் தள்ளிப்போனாலே தெருவில் நாலு பேரைக் கேட்டுவிடுவார்கள். உங்கள் அம்மா கேட்கவில்லை. அப்படியானால், பணம் ஒழுங்காக வந்த மாதங்களிலும் அது அவர் கைக்குப் போகவில்லை.

"சோறு போடுகிறோம், மருந்து வாங்கித் தருகிறோம், இதில் என்ன கணக்கு?" என்பீர்கள். இதே வாக்கியம் இதே பிரச்சினையோடு இந்தப் பகுதிக்கு வராத மாதமில்லை. அந்தச் சோறு நீங்கள் போட வேண்டியது. பெற்றவள் மகன் வீட்டில் சாப்பிட மாதம் 1,200 ரூபாய் கட்ட வேண்டுமா?

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. 2011-ல் 1,000 ஆயிற்று, 2023-ல் 1,200. எந்தக் காலத்திலும் அது குடும்பச் செலவுக்கென்று கொடுத்த பணமில்லை. ஆணை அந்த முதியவரின் பெயரில்தான் இருக்கும். நாளுக்கு 40 ரூபாய் வருகிறது. வெற்றிலை பாக்கு, பேத்திக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், கோயில் உண்டியல், தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது கால் கிலோ காராச்சேவு. மகனிடம் கை நீட்டாமல் இதையெல்லாம் அவர் செய்துகொள்ளலாம்.

அடுத்தது, அந்தப் பொய். விசாரணைக்கு வருபவரிடம் அம்மா தனியாக இருப்பதாகச் சொல்லவே கூடாது. இது ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை. அம்மா யார் வீட்டில் இருக்கிறார், அந்த வீட்டில் யாருக்கு என்ன வருமானம் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். தகுதி உண்டா இல்லையா என்று முடிவுசெய்வது அதிகாரியின் வேலை. பொய் சொல்லி வாங்கினால், பிடிபடும் அன்று வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், வழக்கும் வரலாம். விண்ணப்பம் அம்மா பெயரில் இருப்பதால் அந்தப் பழியும் அவர் தலையில்தான் விழும். உண்மையைச் சொல்லி உதவித்தொகை போய்விட்டால், அந்த 1,200-ஐ நீங்களும் தம்பியும் ஆளுக்கு 600 போட்டுக் கொடுங்கள்.

தம்பி தருவதில்லை என்கிறீர்களே, அதற்கும் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் அம்மா வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். தம்பி மேல் மட்டுமல்ல, உங்கள் மேலும் அவர் மனுப் போடலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி, நின்ற பணம். ஏடிஎம்மில் இருப்பு மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் வரவு போடச் சொல்லுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் பணம் ஏறியது, கேஒய்சி என்கிற அடையாள, முகவரி ஆவணங்களைப் புதுப்பிக்காமல் கணக்கு முடங்கியிருக்கிறதா, அவருடைய ஆதார் இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று மூன்றையும் கேளுங்கள். பலர் கோட்டை விடுவது மூன்றாவதில்தான். மகளிர் குழுக் கடனுக்கோ வேறு எதற்கோ புதுக் கணக்கு தொடங்கும்போது ஆதாரை அங்கே இணைத்திருப்பார்கள். ஆதார் வழியாக அனுப்பும் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும், இங்கே நீங்கள் தாலுகா ஆபீஸைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வங்கியில் கோளாறு இல்லையென்றால் நிறுத்தியது வருவாய்த்துறை. கள ஆய்வுக்கு வந்த நாளில் வீடு பூட்டியிருந்து "ஆள் இல்லை" என்று எழுதியிருக்கலாம். அதே பெயரில் வேறொருவர் இறந்ததை இவர் கணக்கில் ஏற்றியிருக்கலாம். மகன் வருமானத்தைக் காட்டி நீக்கியிருக்கலாம். தாலுகா ஆபீஸ் வாசலில் இருப்பவரைக் கேட்டுப் பயனில்லை. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் என்று ஒருவர் இருக்கிறார், இந்தக் கோப்பு அவரிடம்தான். மனு அரைப் பக்கம் போதும். பெயர், உதவித்தொகை ஆணை எண், கடைசியாகப் பணம் வந்த மாதம், பிறகு மூன்று கேள்விகள்: எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், யாருடைய அறிக்கையின் பேரில், நிறுத்துமுன் எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை? முடிவில், நிலுவையோடு மீண்டும் வழங்கக் கோருகிறேன் என்று ஒரு வரி. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் நகல் வையுங்கள். மனுவில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

இரண்டு வாரத்தில் அசையவில்லையென்றால் அந்தப் பிரதியோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் புகாரைப் பதியலாம். அதற்கும் வாய் திறக்காவிட்டால், அதே மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தேசிய முதியோர் ஓய்வூதியத்தை மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது, "மேலே போயிருக்கு" என்பவரிடம் அதையும் ஞாபகப்படுத்தலாம்.

வாங்குகிறவர் பக்கமும் கடமைகள் உண்டு. ஆய்வுக்கு வரும்போது நேரில் இருப்பது, வீடு மாறினால் சொல்வது, விதவை உதவித்தொகையோடு இதையும் சேர்த்து வாங்காமலிருப்பது. ஒன்று உங்களுக்கு மட்டும்: கார்டும் பின் நம்பரும் உங்களிடம் இருக்கின்றன. அம்மா காலமான பிறகு அந்தக் கார்டில் ஒரு நூறு ரூபாய் எடுத்தாலும் மோசடிதான். சாவு வீட்டுச் செலவுக்கு எடுத்தேன் என்பது அங்கே செல்லாது. வி.ஏ.ஓ.வுக்கும் வங்கிக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

கார்டை இன்றே அவரிடம் கொடுங்கள், பின் நம்பரை மாற்ற உதவுங்கள். ஏடிஎம் பழக்கமில்லையென்றால் கைரேகை மிஷினோடு வரும் வங்கி முகவரிடம் அவரே எடுக்கலாம். முகவருக்குக் கமிஷன் வங்கி தருகிறது, ஐம்பது நூறு என்று அவர் பிடித்துக்கொள்ளக் கூடாது. சீட்டு கேட்டு வாங்குங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே பணம் கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்யும்படி ரிசர்வ் வங்கி 2017-ல் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது, உங்கள் கிளையில் அதையும் கேளுங்கள்.

மனுவில் போடும் கையெழுத்தோ கைநாட்டோ அம்மாவுடையது. எதற்கு என்று சொல்லாமல் அதை வாங்க முடியாது. ஆகவே இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாஸ்புக்கை அவர் முன்னால் விரித்து, பணம் நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். "எத்தனை மாசமா?" என்று கேட்பார். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு, அதற்கு முந்தைய பக்கங்களையும் புரட்டிக் காட்டுங்கள்.