ஜாடோரா, புளூமா?

கேள்வி: அக்கா, வருகிற தை மாதம் எனக்குக் கல்யாணம். கட்டாரில் இருக்கும் அண்ணன் வரும்போது ஒரு சென்ட் போத்தல் கொண்டுவருவதாகச் சொல்கிறார். டியோரின் ஜாடோர், கூச்சியின் புளூம் இரண்டையும் கொழும்பில் ஒரு கடையில் காகித அட்டையில் மணந்து பார்த்தேன். இரண்டும் பிடித்திருக்கின்றன. எதைக் கேட்பது? நான் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கும் பூசிக்கொண்டு போகலாமா?
- வாசகி, அப்புத்தளை

பதில்: புளூமைக் கேளுங்கள் தங்கச்சி.

1999இல் வந்த ஜாடோர் அழகான மணம்தான். மல்லிகை, ரோஜா, இலாங்-இலாங் எல்லாம் கலந்த பூங்கொத்து அது. எந்தப் பூவும் தனித்து நிற்காது. 2017இல் அல்பேர்ட்டோ மொரியாஸ் உருவாக்கிய புளூமில் நிலசம்பங்கி முன்னால் நிற்கிறது. கூடவே மல்லிகையும் ரங்கூன் மல்லியும். பதுளையில் என் சின்னம்மா வீட்டு வாசலில் ரங்கூன் மல்லிக்கொடி படர்ந்திருந்தது. மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு நன்றாகச் சிவந்துவிடும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நான் முதலில் புளூமைக் கையில் எடுத்தேன்.

உங்கள் தலையில் மல்லிகைச் சரம் இருக்கும், கழுத்தில் மாலை இருக்கும். அந்த மாலையில் நிலசம்பங்கி கட்டச் சொல்லுங்கள். பூவும் சென்ட்டும் ஒரே குடும்பமாகச் சேர்ந்து மணக்கும். இன்னொன்று: ஆடி, ஆவணிக் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் குளிர்ந்த மணம் உங்களுக்குத் தெரியாததா? மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் அதில் கலந்திருக்கிறது. மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் அதுதான். நிலசம்பங்கிப் பூவிலும் அது இருக்கிறது. இதை அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அட்டையில் மணந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அண்ணன் கடையிலிருந்து பேசும்போது, அவருடைய மணிக்கட்டில் ஒருமுறை அடித்து, அரை மணித்தியாலம் கழித்து மணந்து பார்க்கச் சொல்லுங்கள். தைக் குளிரில் சென்ட் மெதுவாகவே ஆவியாகும். தோலோடு ஒட்டிக் கிடக்கும், எழும்பி வராது. நுவரெலியாவில் ஒரு கல்யாணத்துக்கு மென்மையான சென்ட் ஒன்றைப் பூசிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவருக்குக்கூடத் தெரியவில்லை. ஆகவே சூடு உள்ள இடங்களில், காதின் பின்புறத்திலும் முழங்கையின் உள்மடிப்பிலும் பூசுங்கள். கூறைச் சேலை உடுத்துவதற்கு முன்பே பூசிக் காயவிடுங்கள். பட்டில் பட்டால் கறை விழக்கூடும்.

வேலைக்கு வேண்டவே வேண்டாம். தேயிலை அயல் மணத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். கொழுந்து வாடப்போடும் மாடிக்கும் சுவை பார்க்கும் அறைக்கும் நீங்கள் ஒரு கோப்போடு போய்வந்தாலே போதும், அங்கிருப்பவர்களின் மூக்கு குழம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள்.